கால் பெருவிரலிலிருந்து முகுளம் வரை

படிக்கத் தொடங்குமுன் ஒரு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மற்றதன்மேல் போட்டுக்கொள்ளுங்கள். மேலே கிடக்கும் கால் தளர்வாகத் தொங்கட்டும். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தால் கெட்டியான ஒரு தசைநாண் தட்டுப்படும். உள்ளங்கையின் ஓரத்தால் அங்கே ஒரு தட்டுத் தட்டுங்கள். கால் துள்ளுகிறதா? துள்ளாவிட்டால் இரண்டு கை விரல்களையும் ஒன்றோடொன்று மாட்டி, பலம்கொண்ட மட்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருங்கள். வீட்டில் இருப்பவர் யாரையாவது தட்டச் சொல்லுங்கள். ஹங்கேரி மருத்துவர் யென்ட்ராசிக் 1880களில் சொல்லிவைத்த உபாயம் இது. சும்மா கிடந்த கால்கூட இப்போது எம்பும்.

அந்தத் துள்ளலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதே இல்லை. பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். நரம்பு மண்டலப் பாடம் வருகிற வாரத்துக்காகப் பள்ளி திறந்த நாளிலிருந்தே காத்திருப்பேன். அனிச்சை வில் என்று புத்தகத்தில் ஒரு படமும் நாலு அம்புக்குறியும் இருக்கும். பிள்ளைகள் அதை வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்த நாலு அம்புக்குள் நடப்பது என்னவென்று ஒருமுறை மனசில் ஏறிவிட்டால், பிறகு மாடிப்படி இறங்கும்போதுகூடக் கவனம் முழுக்கக் காலில்தான் இருக்கும்.

நீங்கள் தட்டியதும் தொடையின் முன்பக்கத் தசை ஒரு மயிரிழை நீளுகிறது. அந்தத் தசைக்குள்ளே, நீளம் கூடுகிறதா குறைகிறதா என்று கண்காணிப்பதற்காகவே நுண்ணிய உணர்விகள் பதிந்து கிடக்கின்றன. அவை விழித்துக்கொண்டு ஒரு துடிப்பை அனுப்புகின்றன. உணர்வு நரம்பு வழியாக அது இடுப்புக்கு மேலே ஏறி, தண்டுவடத்துக்குள் முதுகுப்புற வேர் வழியாக நுழைகிறது. உள்ளே அந்த நரம்பு நேராக ஓர் இயக்க நரம்பு செல்லைத் தொடுகிறது. நடுவில் தரகர் எவரும் இல்லை. இரண்டும் சந்திக்கும் ஒரே ஒரு சினாப்ஸ். வயிற்றுப்புற வேர் வழியாகக் கட்டளை வெளியேறி, நீண்ட அதே தசைக்குப் போய் அதைச் சுருக்குகிறது. இதற்குள் இன்னொரு வேலையும் முடிந்திருக்கும்: அதே உணர்வு நரம்பின் கிளையொன்று ஓர் இடைநரம்பு செல்லை எழுப்பி, தொடையின் பின்பக்கத் தசையை ‘நீ கொஞ்சம் விட்டுக்கொடு’ என்று அடக்கிவைத்திருக்கும். முன்தசை இழுக்கும்போது பின்தசை மல்லுக்கு நிற்கக் கூடாதல்லவா! தட்டியதிலிருந்து தசைக்கு மறுமொழி வந்து சேர ஆகும் நேரம் வினாடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. தட்டு விழுந்ததை நீங்கள் உணர்ந்து முடிப்பதற்குள் கட்டளை வந்துவிட்டது.

1875இல் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள், தனித்தனியே இதைக் கண்டறிந்து, ஒரே ஆய்விதழில் எழுதினார்கள். அன்றிலிருந்து இது டாக்டரின் சுத்தியலுக்கான வித்தை என்று பெயராகிவிட்டது. உண்மையில் இந்தச் சுற்று இருப்பது நாம் நிற்பதற்காக. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது முழங்கால் இம்மியளவு மடிகிறது. தொடைத் தசை நீளுகிறது. உடனே தண்டுவடம் அதைச் சுருக்கி நிமிர்த்துகிறது. நீங்கள் பேருந்து எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கீழே இந்தப் பேச்சுவார்த்தை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

மூளையைப் புகழ உலகத்தில் ஆள் பஞ்சமில்லை. என் மனசு தண்டுவடத்தின் பக்கம். வளர்ந்த மனிதரில் அதன் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர், பருமன் ஏறத்தாழ நம் சுண்டுவிரல். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் 5, வாலெலும்புப் பக்கம் 1. கழுத்துக்குக் கீழே நீங்கள் உணர்கிற எதுவும், அசைக்கிற எதுவும் பெரும்பாலும் இந்த 31 ஜோடி வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் வந்து போயாக வேண்டும். அந்தத் தண்டுவடம் முதுகெலும்பின் கடைசிவரை போவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கருவில் மூன்று மாதம்வரை இரண்டும் ஒரே நீளம். பிறகு எலும்பு வேகமாக வளர்ந்து ஓடிவிட, தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகள் அளவிலேயே நின்றுவிடுகிறது. கீழே போகவேண்டிய நரம்பு வேர்கள் தத்தம் வாசலை விடாமல் பிடித்துக்கொண்டு நீண்டு நீண்டு, ஒரு கொத்தாகத் தொங்குகின்றன. முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவடத் திரவம் எடுக்கும்போது மருத்துவர்கள் கீழிடுப்பைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அங்கே குத்துப்படத் தண்டுவடம் இல்லை. ஊசி வந்தால் அந்த வேர்கள் திரவத்துக்குள் நகர்ந்து வழிவிடுகின்றன. எவ்வளவு நேர்த்தி பாருங்கள்!

இப்போது நான் பிள்ளைகளிடம் சொல்லும்போது குரல் தானாகவே உயர்ந்துவிடுகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் கால் பெருவிரலின் தோலை ஒரு எறும்பு தொட்டால் அதை எடுத்துச் செல்வது ஒரே ஒரு செல். அதன் செல் உடலம் கீழ்முதுகில், தண்டுவடத்துக்கு வெளியே, முதுகுப்புற வேரில் இருக்கும் சின்ன முடிச்சு ஒன்றுக்குள் இருக்கிறது. குறுக்களவு பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கிருந்து ஒரு கிளை கீழே இறங்கி, பிட்டம், தொடை, கெண்டைக்கால் எல்லாம் கடந்து பெருவிரல் நுனிக்குப் போகிறது. இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள் நுழைந்து, எங்கேயும் கைமாற்றாமல் முதுகுமுழுக்க ஏறி, மூளையின் அடித்தளமான முகுளத்தைத் தொடுகிறது. உயரமான ஒருவருக்கு இந்த ஒற்றைச் செல்லின் நீளம் ஒன்றரை மீட்டருக்கும் மேல்! மனித உடலில் இதைவிட நீளமான செல் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஓர் உயிர், நம் உயரத்துக்கு ஏறத்தாழ இணையாக, பிறந்த நாளிலிருந்து நம்மோடு வளர்ந்துகொண்டு வந்திருக்கிறது.

சரி, இவ்வளவு நீளமான செல்லுக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? புரதங்களில் பெரும்பாலானவை கீழ்முதுகில் இருக்கும் அந்தச் செல் உடலத்தில்தான் தயாராகின்றன. பெருவிரல் நுனிக்கு வேண்டியதை அங்கிருந்து அனுப்பியாக வேண்டும். ஆக்சான் எனப்படும் அந்த நீண்ட இழைக்குள் நுண்குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றின்மேல் கைனசின் என்ற புரத மோட்டார் சரக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. உண்மையாகவே நடக்கிறது: இரண்டு பாதம், ஒன்று மாற்றி ஒன்று, ஒவ்வோர் அடியும் 8 நானோமீட்டர், அடிக்கு எரிபொருளாக ஒரு ஏடிபி மூலக்கூறு செலவு. ஒரு மீட்டரைக் கடக்கப் பன்னிரண்டரைக் கோடி அடிகள் வேண்டும். ஒரு மோட்டார் விட்ட இடத்தில் அடுத்தது பிடித்துக்கொள்கிறது. வேகமாகப் போகும் சரக்கு நாளொன்றுக்கு 40 சென்டிமீட்டர்வரை நகரும்; ஆக, இன்று கீழ்முதுகிலிருந்து கிளம்பிய பொட்டலம் பெருவிரல் நுனிக்கு மூன்று நாலு நாளில் போய்ச்சேரும். செல்லின் சட்டகத்துக்கான புரதங்கள் மட்டும் நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்று ஆடி அசைந்து வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரக்கு நடந்து போகிறது. செய்தி? அதன் வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் நடுவரை பெரிய பெரிய அறிஞர்களே நினைத்தார்கள். பெர்லினின் யோஹன்னஸ் முல்லர், உடலியலில் அந்தக் காலத்தின் தலைமகன், அவரும் அப்படித்தான் எண்ணினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கோனிக்ஸ்பெர்க்கில் ஒரு தவளையின் கெண்டைக்கால் தசையையும் அதன் நரம்பையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறை தூண்டினார், தள்ளி ஒருமுறை தூண்டினார். தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரங்களைக் கழித்துப் பார்த்தார். 1850இல் விடை வெளியானது: வினாடிக்கு 27 மீட்டர் அளவில். நெடுஞ்சாலையில் ஓடும் கார் அளவு வேகம், மணிக்கு 100 கிலோமீட்டருக்குள்! ஒளிக்கு நிகராக ஓடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நினைப்பதற்கும் உணர்வதற்கும் நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தைக் கடிகாரத்தால் அளக்கலாம் என்று மனித இனம் தெரிந்துகொண்ட நாள் அது. விஞ்ஞான வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த சோதனை எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

அதைவிட ஆனந்தம், அந்த அளவையை நம் பள்ளி மைதானத்திலேயே எடுக்கலாம் என்பது. ஒவ்வோர் ஆண்டும் எடுக்கிறோம். பிள்ளைகள் வட்டமாக நின்று, கண்ணை மூடி, முன்னால் நிற்பவரின் தோளில் கை வைக்கிறார்கள். நான் ஸ்டாப் வாட்சை அழுத்த, முதல் பிள்ளை அடுத்தவர் தோளை அழுத்த, அது வட்டம் சுற்றித் திரும்பி வருகிறது. ஆளுக்கு ஆள் கடக்க ஆகும் நேரம் கிடைத்துவிட்டது. பிறகு எல்லாரும் தரையில் உட்கார்ந்து, தோளுக்குப் பதில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும். மூளைக்குப் போகும் தூரம் ஆளுக்கு ஒரு மீட்டர் அளவு கூடிவிட்டது. சுற்று நேரமும் கூடும். நாற்பது பேர் வட்டத்தில் அந்த வித்தியாசம் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாக வரும். வித்தியாசத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, தூரத்தோடு பொருத்தினால் வினாடிக்கு ஐம்பது மீட்டர் வட்டாரத்தில் ஒரு வேகம் கிடைக்கும். பாடத்தில் எப்போதும் பின்வரிசையில் ஒதுங்கும் பையன் ஒருவன் கணக்கைப் போட்டு முடித்து, “மிஸ், இது நிஜமாவே என் நரம்போட வேகமா?” என்று கேட்டான். “உன்னோடதும் சேர்த்துத்தாண்டா, நாற்பது பேர் நரம்போட சராசரி” என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த முகத்துக்காகத்தான் நான் ஆசிரியையானேன்.

எல்லா நரம்பும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இது உடம்பாலேயே தெரியும். இடித்த உடனே சுரீர் என்று ஒரு வலி. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் நமக்கே தெரியும், இனிமேல்தான் அசல் வலி வரப்போகிறது என்று. வருகிறது: காந்துகிற, பரவுகிற, பல்லைக் கடிக்க வைக்கிற இரண்டாவது வலி. முதலாவதைக் கொண்டுவந்தது மெல்லிய மயலின் உறை போர்த்த நரம்பிழை. வினாடிக்குச் சுமார் 5 முதல் 30 மீட்டர். இரண்டாவது, உறையே இல்லாத இழைகள். வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர். நாம் நடக்கிற வேகம்தான்! காலிலிருந்து தண்டுவடத்துக்கு வர அதற்கு ஒரு வினாடி பிடிக்கிறது. தசைகளுக்குப் போகும் தடித்த இழைகளோ வினாடிக்கு 100 மீட்டரையும் தொடும். ஸ்வான் செல்கள் ஆக்சானைச் சுற்றிச் சுற்றிக் கொழுப்புப் படலம் போர்த்தி, ஏறத்தாழ மில்லிமீட்டருக்கு ஒரு இடத்தில் நூலிழை இடைவெளி விடுகின்றன. துடிப்பு ரான்வியர் கணுக்கள் எனப்படும் அந்த இடைவெளிகளில் மட்டும் புதுப்பிக்கப்பட்டுத் தாவித் தாவிப் போகிறது. உறை எவ்வளவு முக்கியம் என்பதை மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் காட்டுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறை சிதையும்போது பார்வை மங்கும், நடை தடுமாறும்.

இடித்த விரலைக் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அதிலும் அர்த்தம் உண்டு. தேய்ப்பதை எடுத்துச் செல்லும் தொடு நரம்புகள் தடித்தவை, வேகமானவை. அவை தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில் வலிச் செய்தியை மேலே விடாமல் தணிக்கின்றன. மெல்சாக், வால் இருவரும் 1965இல் வெளியிட்ட வாயில் கோட்பாட்டின் சாரம் இதுதான். நுணுக்கங்களைப் பிற்காலம் திருத்தியிருக்கிறது, அடிப்படை நிற்கிறது. விழுந்த குழந்தையின் முட்டியை அம்மா தேய்த்துவிடும்போது உண்மையாகவே தண்டுவடத்தில் ஒரு கதவைச் சாத்துகிறாள்.

துடிப்பு என்று சொல்லிக்கொண்டே வருகிறேன், அது மின்சாரம்தான். ஆனால் கம்பியில் ஓடுகிற மின்சாரமாக அதை எண்ணவே கூடாது. நரம்பு செல்லின் சவ்வுக்கு உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் குறைவு. இது என்ன பிசாத்து அளவு என்று தோன்றும். சவ்வின் தடிப்பு 7 நானோமீட்டர்தான் என்பதைச் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்: சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட்! காற்றைக் கிழித்துத் தீப்பொறி பறக்கச் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் போதும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது. தூண்டல் வந்ததும் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, அளவு நேர்மறைக்குத் தாவுகிறது, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்கு இறங்குகிறது. ஓரிடத்தில் எல்லாம் மில்லிசெகண்ட் கணக்கில் முடிந்துவிடும். இதைக் கண்டு சொன்னவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். மனித ஆக்சானுக்குள் மின்முனை நுழைக்க அன்று வழியில்லை. கணவாயின் ராட்சத ஆக்சான் அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் அதற்குள் மின்முனையைச் செலுத்தி, முதல் பதிவை எடுத்தார்கள். சில வாரத்தில் உலகப்போர். திரும்பி வந்து 1952இல் முழு விளக்கத்தையும் எழுதினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி கிடைக்காத சமயத்தில் ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றும் கணக்குப் பொறியை வைத்தே அந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தார். 1963இல் நோபல். எத்தனை பொறுமை வேண்டும்!

அமைதியாக உட்கார்ந்து மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக, ஆழமாக இழுங்கள்; நாடி கொஞ்சம் துரிதமாகும். மெதுவாக விடுங்கள், நாடி நிதானமாகும். வேகஸ் என்ற பத்தாம் கபால நரம்பு உங்கள் இதயத்தைத் தொட்டுத் தொட்டு வேகம் குறைப்பதை விரல் நுனியில் பிடித்திருக்கிறீர்கள். இளம் வயதுக்காரர்களிடம் இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த நரம்பு இதயத்திடம் மின்சாரத்தால் பேசுகிறதா, வேதிப்பொருளாலா என்ற சண்டையைத் தீர்த்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஓட்டோ லோவி. சோதனை கனவில் வந்தது, எழுதிவைத்த குறிப்பு காலையில் புரியவில்லை, மறு இரவு அதே கனவு வந்ததும் எழுந்து நேரே ஆய்வகத்துக்கு ஓடினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு தவளை இதயங்கள். முதலாவதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து நரம்பில்லாத இரண்டாவதில் விட்டார், அதுவும் மெதுவானது. திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின். 1921இல் வெளியான அந்த ஆய்வின் மேல்தான் நரம்பு மருந்தியலின் பெரும்பகுதி நிற்கிறது.

அதே வேகஸின் ஒரு கிளை நான் வகுப்பில் பேசும் குரலையும் நடத்துகிறது. தொண்டைக்குப் போகவேண்டிய அந்தக் கிளை, இடப்பக்கத்தில், தொண்டையைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறி வருகிறது! மீன் மூதாதைகளில் நேராக இருந்த வழி. கழுத்து நீண்டபோது தமனி கீழே இறங்க, நரம்பும் அதன் அடியில் மாட்டிக்கொண்டு கூடவே நீண்டது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று பல மீட்டர். பரிணாமத்துக்கு இதைவிட அழகான சான்று என் கழுத்துக்குள்ளேயே இருக்கும்போது நான் வேறு எங்கே தேடுவேன்?

மூளையை விட்டுவிட்டால் மனசு கேட்காது. பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. முடிந்தவர்கள் அவசியம் போய்வாருங்கள். பக்கவாதம், கட்டி, நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் என்று ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதை ஜாடிகளில் கண்ணால் பார்க்கலாம். பதப்படுத்திய ஒரு மனித மூளையை அங்கே கையில் ஏந்தவும் கொடுக்கிறார்கள். ஃபார்மலினில் கெட்டிப்பட்டிருக்கிறது, உயிரோடு இருக்கும்போது அது இளநீர் வழுக்கை அளவுக்கு மெத்தென்று இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டே பிடித்திருந்தேன். எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 8,600 கோடி நரம்பு செல்கள் என்று பிரேசில் விஞ்ஞானி சுசானா எர்குலானோ ஹூசெலின் குழு 2009இல் எண்ணிச் சொன்னது. அதில் சுமார் 6,900 கோடி, பின்னால் ஒதுங்கியிருக்கும் சிறுமூளையில்! எடையில் பத்தில் ஒரு பங்கு, நரம்பு செல்களில் ஐந்தில் நான்கு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டாயிற்றா? அந்த 6,900 கோடிக்கு ஒரு வணக்கம் போடுங்கள்.

ஆனால் எனக்கு எப்போதும் திரும்பி வரவேண்டிய இடம் கைதான். முழங்கையின் உட்புற எலும்பை எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி ஆகுமே, அது அல்நார் நரம்பு. அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் பாதுகாப்பில்லாமல் ஓடுகிறது. அடுத்தமுறை இடித்தால் எங்கே விறுவிறுக்கிறது என்று கவனியுங்கள்: சுண்டுவிரல் முழுக்க, மோதிர விரலில் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மட்டும். மறுபாதி மீடியன் நரம்பின் நிலம். பெரும்பாலானோருக்கு ஒரே விரலின் நடுவில் ஓர் எல்லைக்கோடு! உடம்பு முழுக்க இப்படி எல்லைகள் உண்டு. அக்கி வந்தவர்களின் கொப்புளங்கள் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து வயிற்றுக்கு ஒரு பட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சின்னம்மை போட்டபோது முதுகுப்புற நரம்பு முடிச்சுக்குள் போய்ப் பதுங்கிய வைரஸ், பல ஆண்டு கழித்து அந்த ஒரு நரம்பின் வழியாகவே வெளியேறி, அந்த நரம்பின் நிலத்தைத் தோலில் வரைந்து காட்டுகிறது. லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட், அக்கி நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே 1900இல் தோலின் வரைபடத்தைத் தொகுத்தார்.

அந்த ஹெட் அத்தோடு நிற்கவில்லை. நரம்பு வெட்டுப்பட்ட நோயாளிகள் தங்கள் உணர்வைச் சரியாக விவரிக்கவில்லை என்று பட்டதும், 1903 ஏப்ரலில் தன் இடது முன்கையின் உணர்வு நரம்பையே அறுவை மருத்துவரிடம் கொடுத்து வெட்டித் தைக்கச் சொன்னார்! பிறகு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக, வார இறுதிகளில் கேம்பிரிட்ஜுக்குப் போய், செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் நண்பர் ரிவர்ஸின் அறையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். ரிவர்ஸ் பஞ்சால் தொடுவார், ஊசியால் குத்துவார், பனிக்கட்டிக் குழாயும் வெந்நீர்க் குழாயும் வைப்பார். முதலில் பஞ்சு பட்டால் ஒன்றும் தெரியவில்லை. அழுத்தினால் தெரிந்தது, ஏனென்றால் ஆழத்தில் இருக்கும் தசை நரம்புகள் உயிரோடு இருந்தன. பிறகு வலி வந்தது, ஆனால் முரடாக. எங்கே குத்துகிறது என்று சொல்ல முடியாத, பரவி எரிகிற வலி. மெல்லிய தொடுகையும் இடம் கண்டறிவதும் வெகு காலம் கழித்தே திரும்பின. இதிலிருந்து அவர் கட்டிய கோட்பாட்டைப் பின்வந்தவர்கள் முழுதாக ஏற்கவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. நரம்பு வளர்வதை உள்ளேயிருந்து கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும் என்ற அந்த ஆசைக்கு முன்னால் நான் கைகூப்பி நிற்கிறேன்.

அதே காட்சி என் வீட்டிலேயே நடக்கிறது. என் அண்ணன் மகனுக்கு ஜன்னல் கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் வெட்டு. மீடியன் நரம்பு துண்டாகி, நுண்ணோக்கி வைத்துத் தைத்தார்கள். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, எல்லாம் மரத்துப்போயின. தைத்தது வெறும் உறையைத்தான். வெட்டுக்கு அப்பால் இருந்த ஆக்சான்கள் அழிந்துவிடும். ஸ்வான் செல்கள் சிதைவைத் துப்புரவாக்கி, காலியான குழாய்களில் வரிசைகட்டி, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்துகொண்டு காத்திருக்கும். மேலிருந்து ஆக்சான் நுனிகள் துழாவித் துழாவி இறங்கி வரும், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம். சட்டகப் புரதங்கள் நகரும் அதே நிதானம்! மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே உறை போடும் செல்கள் வேறு, அவற்றின் சிதைவு வளர்ச்சியைத் தடுக்கிறது. தண்டுவடக் காயம் ஆறாமல் போவதற்கு இது பெரிய காரணம்.

நரம்பு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரலால் தட்டினால் போதும். 1915இல், போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு நாடுகளில், பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹாஃப்மனும் தனித்தனியே இதைக் கண்டு எழுதினார்கள். வளரும் நுனியின்மேல் தட்டினால் மரத்த விரல்களில் விறுவிறுக்கும். அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தட்டிப் பார்ப்பேன். முதலில் தையல் அருகில், பிறகு உள்ளங்கை மேட்டில், பிறகு விரலின் அடிக்கணுவில். “அத்தை, இப்ப இங்க வருது, இங்க!” என்று அவனே காட்டிக்கொடுப்பான். மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிக்குப் பதினேழு பதினெட்டு சென்டிமீட்டர். அரை ஆண்டு வேலை, அதற்குக் கொஞ்சம் மேலேயும் ஆகும்.

இப்போது நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வந்த இழைகள் எல்லாம் பழைய இடத்திலேயே போய் அமரவில்லை. மூளை தன் கை வரைபடத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆரோக்கியமான விரல் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகளைப் பிரித்தறியும். ஹேர்பின்னை வளைத்து நீங்களும் பார்க்கலாம். முதுகில் அதற்கு நாலு சென்டிமீட்டர் வேண்டும். இவனுக்கு இன்னும் ஹேர்பின் இரண்டு முனையும் ஒன்றாகத்தான் படுகிறது. பிசியோதெரபி கொடுப்பவர் சொன்னபடி தினமும் கண்ணை மூடிப் பொருள்களைத் தடவி அடையாளம் சொல்கிறான். தப்பினால் கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடி மூடித் தடவுகிறான். சாவியும் நாணயமும் பிடிபட்டுவிட்டன. போன வாரம் ஒரு தட்டில் அரிசியையும் துவரம்பருப்பையும் கலந்து வைத்தேன், பொறுமையாகப் பிரித்துவிட்டான். அடுத்தது துவரையும் கடலைப்பருப்பும்.